அப்பாவின் அறிக்கையில் உள்ள எண்களை எப்படி வாசிப்பது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது:

“என் அப்பாவுக்கு வயது 67. திருகோணமலையில் முப்பது வருடம் தமிழ்மொழி மூலம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நீரிழிவுக்குப் பன்னிரண்டு வருடமாக மெற்போமின் எடுக்கிறார். கால் எரிவுக்காக இரவில் அமிற்றிப்டிலின் குளிசை ஒன்றும் எடுக்கிறார். அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு முன் சந்தைக்குச் சைக்கிளில் போனவர் அதை அங்கேயே விட்டுவிட்டு ஓட்டோவில் வீட்டுக்கு வந்தார். பிறகு ஒரே மாதத்து மின்சாரக் கட்டணத்தை இரண்டு தரம் கட்டினார். கனடாவில் இருக்கும் அண்ணா வற்புறுத்தியதால் கொழும்புக்குக் கூட்டிச் சென்று ஞாபகசக்திப் பரிசோதனைகள் செய்வித்தோம். இரவு பஸ்ஸில் போனோம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணித்தியாலம் நடந்தது. பரிசோதித்தவர் ஆங்கிலத்தில் கேட்க, என் மச்சாள் தமிழில் சொன்னார். அப்பா வாசிக்கும் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டதால் என்னுடையதைப் போட்டுக்கொண்டு எழுதினார்.

அறிக்கையில் காட்சிவழிச் சிந்தனை 106, செயல்வேகம் 86 என்றும், இரண்டுக்கும் இடையே ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்றும் இருக்கிறது. எழுத்தைக் கொடுத்துச் சொற்கள் சொல்லும் சோதனையில் 3ஆம் பேர்சன்டைல். பதினைந்து சொற்களை ஐந்து தரம் கேட்டபின் பத்துச் சொன்னவர், அரை மணித்தியாலம் கழித்து ஐந்துதான் சொன்னார். ‘ஒத்துழைப்பு சீராக இல்லை’ என்றும் ஒரு வரி உண்டு. அப்பா பொய்யாகவா செய்தார்? அண்ணா வட்ஸ்அப்பில் முப்பது புள்ளிச் சோதனை ஒன்று வைத்தபோது 23 வந்தது. இது டிமென்ஷியாதான், ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள் என்கிறார். அப்பா இப்போது அதிகம் பேசுவதில்லை. கோயில் திருவிழாக் கணக்கையும் இந்த வருடம் தானாகவே வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பி முற்றத்தில் இருக்கிறார். நூற்றுக்கு மூன்று என்றால் அவ்வளவும் போய்விட்டதா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்களை நித்திரையில்லாமல் செய்திருப்பது அதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பட்டது. 3ஆம் பேர்சன்டைல் என்பது நூற்றுக்கு மூன்று புள்ளி அல்ல. நமது பாடப்புத்தகங்கள் அதைச் சதமணை என்று சொல்கின்றன. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், அந்த ஒரு சோதனையில் உங்கள் அப்பா கீழிருந்து மூன்றாவது இடத்தின் அருகே நிற்கிறார் என்பதே அதன் பொருள். அவர் எத்தனை சொற்கள் சொன்னார், எவ்வளவு மறந்தார், மூளையில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பவை பற்றி அந்த எண் நேராக எதுவும் சொல்வதில்லை. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவருக்குச் சதமணையும் நியம விலகலும் நான் விளக்க வேண்டியவை அல்ல. ஆகவே இந்தப் பதிலை அவருக்கே வாசிக்கக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தன்னைப் பற்றிய அறிக்கையைப் பிள்ளைகள் தனக்குத் தெரியாமல் தொலைபேசியில் பேசிக்கொள்வதை அறிந்த ஒருவர் வாய் மூடிக்கொள்வதற்கு மறதிநோய் தேவையில்லை.

அந்த நூறு பேர் யார் என்பதுதான் அடுத்து கேட்க வேண்டியது. நீங்கள் இணைத்த பக்கங்களிலிருந்து, முக்கியமான பகுதி, வளர்ந்தோரின் அறிவாற்றலை அளக்கும் வெக்ஸ்லர் அளவையின் நான்காம் பதிப்பு என்று தெரிகிறது. 2008இல் வெளிவந்த அந்தப் பதிப்பின் ஒப்பீட்டு அட்டவணைகள், அமெரிக்காவில் 16 வயது முதல் 90 வயது வரையான 2,200 பேரைப் பரிசோதித்துத் தயாரிக்கப்பட்டவை. உப்புவெளியில் பிறந்து தமிழில் படித்துத் தமிழில் படிப்பித்த ஒருவரை அந்த வரிசையில் நிறுத்தும்போது, சில சோதனைகளில் இடம் ஓரளவு சரியாக வரும், சிலவற்றில் வராது. எழுத்தைக் கொடுத்துச் சொற்கள் சொல்லச் சொல்லும் சோதனை அந்த அளவையைச் சேர்ந்ததல்ல, ஆனால் அதுவும் இரண்டாம் வகை. அது ஆங்கில எழுத்துகளைக் கொண்டே உங்கள் அப்பாவுக்கு நடத்தப்பட்டிருக்கிறது. தமிழ் எழுத்துக்கு மாற்றியிருந்தாலும் ஒப்பீடு சரியாகியிருக்காது. ‘க’ என்று சொன்னால் காகமும் கிளியும் கூடையும் அதில் அடங்குமா, அல்லது கடல், கல், கண் மட்டும்தானா என்ற கேள்வி ஆங்கிலத்தில் எழுவதே இல்லை. ஆகவே அந்த 3ஐ நான் அவருடைய கணக்கில் சேர்க்கவே மாட்டேன். அது மொழிக்குப் போட்ட புள்ளி.

இந்த இடத்தில் எனக்கு ஒரு முதியவர் நினைவுக்கு வருகிறார். கடற்றொழிலாளி, பாடசாலை வாசலை இரண்டு வருடமே கண்டவர். உருவங்களைப் பார்த்து வரையச் சொன்னபோது பென்சிலை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றே தடுமாறினார்; ஒரு நிமிடத்தில் மிருகங்களின் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது ஆறேழுடன் நின்றுவிட்டார். அட்டவணையின்படி இரண்டும் மிகக் கீழே. பிறகு, புள்ளிக்காக அல்லாமல், அவரை அறிந்துகொள்வதற்காக, மீன்களைச் சொல்லுங்கள் என்றேன். சூரை, பாரை, கும்பளா, கீரி, சாளை, ஓரா, விளைமீன் என்று அவர் ஆரம்பித்தார். எனக்குப் பாதி விளங்கவில்லை, எழுதிக்கொள்ளவும் முடியவில்லை. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் பள்ளிப் படிப்பு அறுந்துபோன ஒரு தலைமுறை நமது மாவட்டத்தில் இருக்கிறது. அவர்களுடைய குறைந்த எண்களை நோய் என்று எழுதுமுன் பரிசோதகர் இரண்டு தரம் யோசிக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை.

இனி 106க்கும் 86க்கும் இடையேயான வேறுபாட்டைப் பார்ப்போம். இந்த அளவையில் சராசரி 100, நியம விலகல், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு, 15. அப்படியானால் 86 என்பது சராசரிக்குக் கிட்டத்தட்ட ஒரு நியம விலகல் கீழே. ஆறு பேரில் ஒருவர் அந்த இடத்திலோ அதற்குக் கீழோ இருப்பார். எந்த அளவீட்டிலும் போல இதிலும் பிழை உண்டு. சோதனை எவ்வளவு சீராக அளக்கிறது என்று காட்டும் நம்பகக் குணகம் 0.9 என்று எடுத்தால், அளவீட்டின் நியம வழு, அதாவது வழக்கமான பிழையின் அளவு, ஏறக்குறைய 4.7 ஆகும். அதன் இரு மடங்கை இருபுறமும் விட்டால், அன்று கிடைத்த 86 என்பது 77க்கும் 95க்கும் இடையே எங்கோ இருக்கும் ஒரு பெறுமானத்தின் நிழல். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு’ என்ற சொற்றொடரைத்தான் குடும்பங்கள் அதிகம் தவறாக விளங்கிக்கொள்கின்றன. புள்ளிவிபரவியலில் அது, இந்த வேறுபாடு அளவீட்டுப் பிழையால் மட்டும் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வேறுபாடு அபூர்வமானதா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு அட்டவணை உண்டு. இரு ஆற்றல்களும் ஒருவரிடம் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லாததால், இருபது புள்ளி வேறுபாடு எந்த நோயும் இல்லாத பத்துப் பேரில் ஒருவரிடமாவது காணப்படும். நிதானமாக, பிழையில்லாமல் எழுதிப் பழகிய ஆசிரியர்களிடம் வேகம் பின்தங்கியிருப்பதை நான் பலதடவை கண்டிருக்கிறேன்.

அதற்கு மேல், செயல்வேகச் சோதனைகள் கண்ணாலும் கையாலும் செய்யப்படுபவை. சின்னஞ்சிறு குறிகளைப் பார்த்து, நேரம் ஓட ஓடப் பென்சிலால் அடையாளமிட வேண்டும். இதை உங்கள் அப்பா, இரவு முழுதும் பஸ்ஸில் குலுங்கி வந்த உடம்போடு, முந்தின இரவு எடுத்த அமிற்றிப்டிலினின் மந்தம் தெளியாமல், மகளுடைய கண்ணாடியை மூக்கில் வைத்துக்கொண்டு செய்தார். அந்த நிலையில் 86 எடுத்தவரின் உண்மையான வேகம் அதைவிடக் குறைவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண்ணாடி மாறிய விடயம் அறிக்கையில் இல்லை; உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது. பரிசோதித்தவருக்கு அதை எழுத்தில் அறிவியுங்கள். அவர் முடிவுரையை மாற்றி எழுத வேண்டியிருக்கலாம்.

அறிக்கையில் மொத்தம் இருபது சோதனைப் புள்ளிகள் இருக்கின்றன. இது அப்பாவுக்கான கணக்கு: ஒவ்வொரு சோதனையிலும் ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் ‘அசாதாரணமான குறைவு’ என்ற கோட்டுக்குக் கீழே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இருபதிலும் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்பதற்கான நிகழ்தகவு 0.95இன் இருபதாம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 0.36. எஞ்சிய 0.64, குறைந்தது ஒன்றிலாவது கீழே விழுவதற்கானது. சோதனைகள் உண்மையில் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் இந்த எண் சற்றுக் குறையும். ஆனால் போதிய அளவு சோதனைகள் செய்தால் எந்த நோயும் இல்லாதவருக்கும் ஓரிரு குறைந்த எண்கள் கிடைப்பதே வழமை என்ற முடிவு மாறாது. ஒரு குறைந்த எண்ணை மட்டும் தனியே பிடுங்கி எடுத்து அதற்கு நோயின் பெயர் வைப்பது, கடலில் ஒரு அலையைக் காட்டி வற்றுப்பெருக்கைச் சொல்வது போன்றது. ஒரே திசையில் சாயும் பல எண்கள், அந்தச் சாய்வோடு ஒத்துப்போகும் அன்றாட மாற்றங்கள், இரண்டையும் விளக்கும் ஒரு காரணம் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் பரிசோதகர்களான நாங்கள் நோயைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம்.

சொற்பட்டியல் சோதனை இவற்றைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, ஏனெனில் மறதிநோய் பற்றிய உங்கள் பயத்துக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியது அதுதான். ஐந்தாவது தரத்தில் பத்து, அரை மணித்தியாலத்துக்குப் பின் ஐந்து என்பதை மட்டும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இணைத்த பக்கத்தில் இன்னும் இரண்டு வரிகள் உள்ளன. ஐந்து தரங்களிலும் அவர் முறையே நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது, பத்து என்று ஏறியிருக்கிறார். படி தவறாமல் கற்றிருக்கிறார். கடைசியில், பழைய சொற்களையும் புதிய சொற்களையும் கலந்து வாசித்து, கேட்டது எது என்று கேட்டபோது, பதினைந்தில் பதினான்கை அடையாளம் கண்டிருக்கிறார்; கேட்காத ஒன்றை மட்டுமே கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். அல்சைமர் நோயின் ஆரம்பத்தில் வழக்கமாகக் காணப்படுவது வேறு: சொற்கள் பெட்டிக்குள் போகாமலே கரைந்துவிடும், ஆதலால் அடையாளம் காட்டும் உதவி கிடைத்தாலும் தேறுவதில்லை, கேட்காத சொற்களையும் கேட்டதாகச் சொல்வார்கள். உங்கள் அப்பாவிடம் சொற்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. தானாகத் தேடி எடுப்பதில்தான் தடங்கல். களைப்பு, நித்திரைக் குறைவு, மனச்சோர்வு, அமிற்றிப்டிலின் போன்ற மருந்துகள், மூளையின் சிறு இரத்தக்குழாய்களில் நீரிழிவு ஏற்படுத்தும் மாற்றம் என்று இந்தத் தடங்கலுக்குக் காரணங்கள் பல. இது அல்சைமர் இல்லை என்று கடிதத்தில் எழுதித் தர எனக்கு உரிமையில்லை. ஆனால் அறிக்கையின் இந்தப் பகுதி அந்தப் பக்கம் சாயவில்லை என்று சொல்ல முடியும்.

இதுவரை எழுதியவை ஆறுதலாக இருந்திருக்கும். இனி எழுதுவது, அறிக்கையில் யாரும் அடிக்கோடிடாத, ‘சராசரி எல்லைக்குள்’ என்று குறிக்கப்பட்ட, ஆனால் நான் நின்று பார்த்த ஒரு எண்ணைப் பற்றியது. மனக்கணக்குச் சோதனையில் அவருக்கு 8. இந்த உபசோதனைகளில் சராசரி 10, நியம விலகல் 3. ஆகவே 8 என்பது 25ஆம் சதமணை, யாருக்கும் கவலை தராத இடம். யாருக்கும் என்றேன், ஒரு கணித ஆசிரியருக்கு அல்ல. குறைவு என்பது மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்வது. இழப்பு என்பது ஒருவரை அவருடைய நேற்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. நமது அட்டவணைகள் முதலாவதை மட்டுமே தருகின்றன. எழுதப் படிக்க மட்டும் தெரிந்தவருக்கு 8 வந்தால் அது அவருடைய இயல்பான இடமாக இருக்கலாம். பதின்மூன்றோ பதினான்கோ எடுத்திருக்கக்கூடிய ஒருவர் 8இல் நின்றால், அறிக்கையில் சிவப்புக் கோடு இல்லாவிட்டாலும் அங்கே ஒரு இழப்பு மறைந்திருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். அந்தக் கணக்குகள் வாயால் கேட்கப்பட்டு, மனதில் வைத்து, குறித்த நேரத்துக்குள் விடை சொல்ல வேண்டியவை. உங்கள் மச்சாள் அவற்றை ஆங்கிலத்தில் கேட்டு, விளங்கி, தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை விநாடி போயிற்று, கணக்கின் வரிசை மாறியதா என்பதை இனி அறிய வழியில்லை. இலக்கங்களைத் திருப்பிச் சொல்லும் சோதனையில் நேராக ஐந்தும் தலைகீழாக நான்கும் சொல்லியிருக்கிறார். அதிலும் மொழி குறுக்கே நிற்கிறது. வேல்சு மொழியின் எண்ணுப் பெயர்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் எடுப்பதால், அம்மொழியில் நினைவில் நிற்கும் இலக்கங்களின் எண்ணிக்கை குறைகிறது என்பதை 1980இலேயே காட்டியிருக்கிறார்கள். இரண்டு, நான்கு, ஒன்பது என்று சொல்ல நமக்கு எடுக்கும் நேரத்தை எண்ணிப் பார்த்தால், ஆங்கில அட்டவணையை அப்படியே வைத்துத் தமிழரை அளப்பதில் உள்ள அநியாயம் விளங்கும். ஆயினும் மின்சாரக் கட்டணத்தை இருமுறை கட்டியதும், திருவிழாக் கணக்கைத் தானாகவே கைமாற்றிவிட்டதும் இந்த 8க்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. நீங்கள் அதைக் கடிதத்தின் இறுதியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அறிக்கை முழுவதையும்விட அந்த வரி முக்கியமாகப் பட்டது. கணக்கு அவருக்குக் கடினமாகத் தொடங்கியதால் கொடுத்தாரா, அம்மா இல்லாத வீட்டிலிருந்து திருவிழாவுக்குப் போக மனம் இல்லாமல் கொடுத்தாரா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. தேநீர் குடிக்கும் நேரத்தில், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது.

‘ஒத்துழைப்பு சீராக இல்லை’ என்ற வரியை வாசித்து நீங்கள் கோபப்பட்டிருக்கிறீர்கள். அது உங்கள் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஒரு சோதனையில் கடினமான கேள்விக்குச் சரியாகவும் எளிய கேள்விக்குப் பிழையாகவும் விடை வந்தால், ஆற்றலைத் தவிர வேறெதுவோ குறுக்கிட்டிருக்கிறது என்று குறிப்பது பரிசோதகரின் கடமை. களைப்பு, வலி, பயம், விளங்காத அறிவுறுத்தல், சரியாகக் கேட்காத காது, எல்லாமே அந்த வடிவத்தைத் தரும். வேண்டுமென்றே பிழையாகச் செய்வதைக் கண்டுபிடிக்கும் முறைகள் தனியே உண்டு. நட்டஈட்டு வழக்குகளில் அவை தேவைப்படும். அவற்றின் உள்ளடக்கத்தை இங்கே எழுதமாட்டேன், தெரிந்துவிட்டால் அவை பயனற்றுப்போகும். தத்துவத்தை மட்டும் சொல்லலாம்: இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்லும் ஐம்பது கேள்விகளுக்கு நாணயத்தைச் சுண்டி விடை சொன்னாலும் இருபத்தைந்தை அண்டிச் சரிவரும்; ஒருவர் பதினைந்து மட்டுமே எடுத்தால், சரியான விடை தெரிந்தே அதைத் தவிர்த்திருக்கிறார் என்று ஐயப்பட இடமுண்டு. உங்கள் அப்பாவின் பக்கங்களில் அப்படி எதுவும் இல்லை. அந்த வரியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: அன்று வந்த குறைந்த எண்களை அவருடைய ஆற்றலின் எல்லையாகக் கொள்ளக்கூடாது, உயர்ந்த எண்களை நம்பலாம். தூக்கக் கலக்கத்தில் 106 குறைந்து 86 ஆகலாம். 86 ஒருபோதும் தற்செயலாக 106 ஆவதில்லை.

அண்ணா வட்ஸ்அப்பில் வைத்த சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். முப்பது புள்ளிச் சோதனைகளில் இரண்டு பிரபலமானவை. 1975இல் வந்த ‘மினி மென்டல்’ சோதனையில் 24 வழக்கமான எல்லை; 2005இல் வந்த மொன்ட்ரியல் மதிப்பீட்டில் 26. எதை அண்ணா பயன்படுத்தினார் என்பது கடிதத்தில் இல்லை. மொன்ட்ரியல் மதிப்பீட்டில் அந்த 26 என்ற கோடு ஆரோக்கியமான பலரையும் நோயாளர் பக்கம் தள்ளிவிடுகிறது என்று பின்னாளைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவை வைத்தியரிடம் போக வேண்டுமா என்று தீர்மானிப்பதற்கான வடிகட்டிகள். நோய்க்குப் பெயர் வைப்பதற்கானவை அல்ல. விட்டுவிட்டுக் கேட்கும் தொலைபேசித் தொடர்பில், மகன் பரீட்சை வைக்க, தகப்பன் பதில் சொல்லும் நிலையில் வந்த 23க்கு நான் மதிப்புக் கொடுக்கமாட்டேன். அண்ணாவின் பதற்றத்துக்கு மதிப்புக் கொடுக்கிறேன். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கையில் கிடைப்பது எண் மட்டும்தான். ஆனால் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் திரும்பச் செய்யும் யோசனை வேண்டாம். கேள்விகள் நினைவில் இருப்பதால் புள்ளிகள் பொய்யாக உயரும். உண்மையில் ஒரு வீழ்ச்சி இருந்தால் அந்த உயர்வு அதை மூடிவிடும். பிறகு ஒரு வருடத்தில் செய்யும் ஒப்பீடும் கெட்டுப்போகும்.

விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புவது, பேச்சுக் குறைவது, பிடித்த பொறுப்பைக் கைவிடுவது, மனைவி மறைந்து பதினான்கு மாதம். இவை நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, மனச்சோர்வு இருக்கிறதா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி. முதியவர்களில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் மந்தமாகவும் மறதியாகவும் வருவது உண்டு. வேகத்தையும் தேடி எடுக்கும் ஞாபகத்தையும் அது குறைக்கும். சிகிச்சையால் இரண்டும் மீளலாம். அதே நேரம், வயது போன பின் முதன்முறையாக வரும் மனச்சோர்வு சிலரில் மறதிநோயின் முன்வரவாகவும் இருப்பதால், ‘கவலைதான்’ என்று சொல்லி விட்டுவிடவும் கூடாது. இருந்து என்ன பயன் என்ற வகையில் அவர் ஏதாவது சொல்லியிருந்தால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இரவானால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம்.

இதற்காக மீண்டும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் அவர் நீரிழிவுக்காகப் போகும் கிளினிக்கிலேயே இந்த அறிக்கையைக் காட்டுங்கள். மெற்போமின் நீண்டகாலம் எடுப்பவர்களில் விற்றமின் பி12 குறையலாம். அந்தக் குறைவு கால் எரிவையும் மறதியையும் ஒருங்கே தரக்கூடியது, ஊசியாலோ குளிசையாலோ ஈடுசெய்யக்கூடியது. பி12, தைரொயிட், சீனி, இரத்தத்தின் உப்புகள் ஆகியவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். அமிற்றிப்டிலின் முதியவர்களில் ஞாபகத்தை மங்கச் செய்யும் மருந்துகளுள் ஒன்று. அதை நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசைகளிலும் சில அதே வேலையைச் செய்யும் என்பதால், அவர் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். கண்ணில் வெண்புரை இருக்கிறதா, காது எப்படி என்பதையும் பார்க்கச் செய்யுங்கள். மூளை ஸ்கான் தேவையா என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். அந்த வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். இதற்கிடையில் திடீரென வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். அது அறிக்கை பார்க்கும் நேரம் அல்ல.

சைக்கிளைச் சந்தையில் விட்டுவந்ததை நான் பெரிதாக எடுக்கவில்லை. அது ஒருமுறை நடந்தது, பிறகு அவருக்கே நினைவு வந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாளாந்தம் நடந்த தெருவில் வழி தவறினாலோ, ஒரே கேள்வியை ஒரு மணித்தியாலத்துக்குள் பலதரம் கேட்டாலோ, சொன்னதைச் சொல்லவே இல்லை என்று சாதித்தாலோ அவற்றைத் திகதியுடன் எழுதி வையுங்கள். கட்டணங்களைக் கட்டும் பொறுப்பை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம்; கட்டிய பற்றுச்சீட்டை ஒரு கோப்பில் இடும் பழக்கத்தை இருவருமாக ஆரம்பியுங்கள்.

கிளினிக்கில் கண்டறியப்படுபவற்றைச் சரிசெய்தபின், ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, முடிந்தால் அதே பரிசோதகரிடம், வேறு சொற்பட்டியல்களோடு, இரண்டு காலைகளாகப் பிரித்து மீண்டும் செய்வியுங்கள். தமிழ் தெரிந்த பரிசோதகர் கிடைத்தால் மிக நல்லது. கிடைக்காவிட்டால் உறவினரை வைத்து மொழிபெயர்ப்பிக்காமல், முன்கூட்டியே பயிற்சி பெற்ற ஒருவரைக் கேளுங்கள். முந்தின நாளே போய்ச் சேர்ந்து ஆறுதலாக நித்திரை கொள்ளட்டும். அதற்கு முன், இப்போதே, ஒன்று செய்யலாம். அவர் எழுதிய பழைய திருவிழாக் கணக்குக் கொப்பிகள் கோயிலிலோ வீட்டு அலுமாரியிலோ இருக்கும். ஐந்து வருடத்துக்கு முந்தியதையும் சென்ற வருடத்ததையும் எடுத்து, அவருடைய சம்மதத்தோடு, அவரோடு இருந்தே பாருங்கள்: கூட்டல் பிழைகள் கூடியிருக்கின்றனவா, கையெழுத்து மாறியிருக்கிறதா, வெட்டித் திருத்தியவை எத்தனை. எந்த அட்டவணையும் தராத அவருடைய நேற்று அந்தக் கொப்பிகளில் இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும் நாளில் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள், அவருடைய வாசிக்கும் கண்ணாடியையும்.